சாமந்திக்குத் தும்முகிறவர்

ஆற்றின் வளைவில் ஒரு மடம் இருந்தது. அதில் பதினோரு பேர் இருந்தார்கள். சமையல்காரரையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஆனால் அவரை யாரும் சேர்த்து எண்ணுவதில்லை. அவரைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு துளை. ஒரு தட்டு நுழையும் அளவு. வேளைக்கு வேளை அவரவர் தங்கள் பித்தளைத் தட்டை அதன் வழியாக உள்ளே தள்ளுவார்கள். உள்ளே கலீர் என்று ஒரு சத்தம் கேட்கும். தட்டு நிறைந்து திரும்பி வரும். சாப்பிட்ட தட்டும் அதே வழியாக உள்ளே போகும்; கழுவி அடுத்த வேளைக்கு வெளியே வரும். எட்டிப் பார்த்தால் புகையும் இருட்டும்தான்.

அந்தத் துளைக்கு மடத்தில் அன்னவாசல் என்று பெயர்.

கொடுப்பவர் வாங்குபவரின் முகம் பார்க்கக் கூடாது, வாங்குபவர் கொடுப்பவரின் முகம் பார்க்கக் கூடாது, அப்போதுதான் அன்னம் அன்னமாக இருக்கும் என்று அந்தச் சுவருக்கு ஒரு காரணமும் சொல்வார்கள். அதைப் பற்றி மலைக்கொழுந்து ஒரு பாட்டே எழுதியிருந்தார்.

மலைக்கொழுந்து அந்த மடத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆயிற்று. அதற்கு முன் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்துகொண்டிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. நல்ல குரல். ஒன்பது வருடத்தில் இறைவனைப் பற்றி நூறு பாட்டுகள் எழுதி, ஓலையில் கீறி, மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்தார்.

அந்தப் பாட்டுகளை ஆற்றுக்கு வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். கேட்டவர்களெல்லாம் எங்கள் சாமி இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பாட்டுகளில் வரும் இறைவன் மெல்லப் பேசுவார். இசை தெரிந்தவர். கூச்சல் பிடிக்காது. விடியற்காலையில் எழுவார். மலைக்கொழுந்துக்கும் அப்படித்தான்.

பாட்டுகளின் பெயர் கடற்கரை வரைக்கும் போயிற்று. அங்கே ஓர் ஊரில் புதிதாக மடம் கட்டினார்கள். காலையும் மாலையும் மலைக்கொழுந்தின் பாட்டுகளையே பாட வேண்டும், அவரே வந்து தலைமை ஏற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை வண்டியோடு வருவதாக ஊர்த் தலைவர் வைரவநாதர் ஆள் அனுப்பியிருந்தார்.

ஒன்றுதான் பாக்கி. மடத்தின் குரு உலகம்மை ‘போய் வாருங்கள்’ என்று சொல்ல வேண்டும்.

உலகம்மை மலைக்கொழுந்தைவிடப் பத்து வயது சிறியவர். அதிகம் பேசமாட்டார். திங்கட்கிழமை காலையில் அவர் படித்துறையில் தம் சேலையைத் துவைத்துக்கொண்டிருந்தபோது மலைக்கொழுந்து மஞ்சள் மூட்டையோடு போய் நின்றார்.

“அம்மை, நூறு பாட்டும் முடிந்துவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.”

“என்ன வார்த்தை?”

“இவை சரிதான் என்று.”

உலகம்மை ஒரு பாட்டைப் பாடச் சொன்னார். மலைக்கொழுந்து பாடினார். துவைப்பதை நிறுத்திவிட்டுக் கடைசி வரி வரைக்கும் கேட்டார் உலகம்மை. மெட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சேலையைப் பிழிய ஆரம்பித்தார்.

“சரியா, அம்மை?”

“அதை என்னைக் கேட்டால்? பாடப்பட்டவரையல்லவா கேட்க வேண்டும்.”

மலைக்கொழுந்து சிரித்தார். அது நடக்கிற காரியமா என்று கேட்டார்.

“சரி, நடக்கிற காரியத்திலிருந்து தொடங்குவோம். நம் சமையல்காரரைப் பற்றி ஏதாவது பாட்டு வைத்திருக்கிறீர்களா?”

வைத்திருந்தார். ஒன்பது வருடமாக ஒவ்வொரு மத்தியானமும் தட்டை உள்ளே தள்ளும் முன் அதைத்தான் அவர் பாடிவந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் பேசக் கூடாது. ஒரு பாட்டு மட்டும் பாடலாம். அது மலைக்கொழுந்தின் பாட்டு. எல்லோரும் வாங்கும்வரை பொறுத்து, கடைசியாக நின்று, நிதானமாகப் பாடுவார்.

“வளை குலுங்க அமுது படைக்கும் தாயே,
வாடிய முகம் கண்டு வாடும் தாயே,
சாமந்திச் சரத்தில் மகிழும் தாயே.”

உலகம்மை தலையை ஆட்டினார். “இதை அவர் முன்னால் பாடிவிட்டு, சரியா என்று கேட்டு வாருங்கள்.”

“சமையற்கட்டுக்குள்ளா? அது வழக்கமில்லையே, அம்மை. அந்தச் சுவர்…”

“முதல் குருவுக்குக் கண் வலி. அந்த வருடம் மழையில் பச்சை விறகுதான் கிடைத்தது. புகை தாங்காமல் சுவர் வைத்தார்கள். சோறு வர வேண்டுமே என்று துளை விட்டார்கள்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மலைக்கொழுந்து சுவரைப் பற்றி எழுதிய பாட்டை நினைத்துக்கொண்டார். அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

“எந்த வழியாகப் போக வேண்டும்?”

“தொழுவத்துக்குப் பின்னால் ஒரு பாதை போகிறது.”

அந்தப் பாதை அவருக்குத் தெரியும். ஒன்பது வருடமாகத் தினமும் பார்க்கிறார். சாணி அள்ளுகிறவர்கள் போகிற பாதை என்று நினைத்திருந்தார்.

தொழுவத்தின் அருகே ஆவுடையப்பன் வழிமறித்தார். அவரும் மடத்தில் ஒரு சீடர். மலைக்கொழுந்து எங்கே போகிறார் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

சமையல்காரர் பெண்ணல்ல, பட்டாளத்திலிருந்து வந்த கோபக்காரர் என்பது ஆவுடையப்பனின் எண்ணம். அதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சுவருக்கு உள்ளே ஓர் உறுமல் கேட்கும். மறுநாள் சனிக்கிழமை குழம்பில் உப்பு கரிக்கும். தாம் செய்த ஏதோ தவற்றுக்குத்தான் அது தண்டனை என்று முடிவுகட்டி, சனிக்கிழமை இரவுகளில் அவர் பட்டினி கிடந்தார். ஆறு வருடமாக.

“வளையல் சத்தம் கேட்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்?” என்றார் மலைக்கொழுந்து.

“அது வளையல் இல்லை, ஓய். வாள் தொங்குகிற சங்கிலி.”

“சோறு போடுகிறவருக்கு வாள் எதற்கு?”

“அதை நீர் போய்க் கேளும். கேட்கும்போது எனக்காகவும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடும்.”

மலைக்கொழுந்துக்கு அப்படியெல்லாம் பயமில்லை. அவரிடமும் ஆதாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அன்னவாசலில் அவர் ஒரு சாமந்திச் சரம் வைப்பார். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல். மற்றவர்களைவிட அவர் தட்டில் வெல்லம் கூடுதலாக இருக்கும். பாட்டுக்கும் பூவுக்கும் அன்னை காட்டும் பிரியம் அது என்று அவருக்குத் தெரியும்.

தொழுவத்துச் சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். சமையற்கட்டின் பின்கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே ஒருவர் அடுப்பின் முன் குந்தியிருந்தார். கறுத்து உயர்ந்த உருவம். அறுபது வயது இருக்கும். ஒரு காது மடல் கிழிந்திருந்தது. கையில் ஆள் உயரக் கரண்டி.

“வாங்க அண்ணாச்சி. அந்தக் கட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க. கை ஒழியல.”

மலைக்கொழுந்து கட்டையைத் தள்ளினார். பிறகு, சமையல் செய்கிற அம்மா எங்கே என்று கேட்டார்.

“எந்த அம்மா? நான்தான் சமைக்கேன். பேரு மாசானம். முன்னால உப்பளத்துல கிடந்தேன். இங்க வந்து பதினாலு வருசம் ஆச்சு.”

சொல்லிக்கொண்டே அவர் குழம்பைக் கிளறினார். கரண்டிக் காம்பின் நுனியில் இரண்டு இரும்பு வளையங்கள் ஒன்றோடொன்று மோதின. கலீர்.

மலைக்கொழுந்து அந்த வளையங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவற்றை மட்டுமே பார்த்தார்.

பிறகு வந்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. தாம் மத்தியானம் தோறும் பாடும் பாட்டைக் கேட்டதுண்டா என்று கேட்டார்.

மாசானத்தின் முகம் மலர்ந்தது. “அது நீங்கதானா? கேக்காம என்ன? நல்ல குரல் அண்ணாச்சி. நீங்க பாடி முடிக்கிற வரைக்கும் தீயைக் கூட ஊத மாட்டேன்.”

“அந்தப் பாட்டு சரியாக இருக்கிறதா?”

“அதை நான் எப்படிச் சொல்ல? உங்க தாயாரை எனக்குத் தெரியாதே.”

“என் தாயாரா?”

“வளையல் போட்ட தாயேன்னு பாடுதீங்க இல்லா? ஊர்ல விட்டுட்டு வந்த தாயாரை நெனச்சுப் பாடுதாரு, பாவம்னு நெனச்சுக்குவேன். சில நாள் எனக்கும் எங்க ஆத்தா ஞாபகம் வந்துரும்.”

“ஒன்பது வருடமாக அப்படித்தான் நினைத்தீர்களா?”

“வேற யாரைப் பாடுதீங்க?”

மலைக்கொழுந்து கட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். மாசானமும் விடவில்லை. ரொம்ப நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்ததாகச் சொன்னார். வெள்ளிக்கிழமையானால் யாரோ பொந்தில் சாமந்திப் பூ கொண்டுவந்து வைக்கிறார்கள். அது யாரென்று தெரியுமா? மாசானத்துக்குச் சாமந்தி வாசம் ஆகாது. மூக்கில் ஏறினால் அடுக்குத் தும்மல். வரிசையாக இருபது, முப்பது. மறுநாள் மூக்கடைத்து, நாக்கில் ருசியே தெரியாது. உப்பை உத்தேசமாகத்தான் அள்ளிப் போட வேண்டியிருக்கிறது.

அவர் அன்னவாசலைப் பொந்து என்றுதான் சொன்னார்.

மலைக்கொழுந்து ஆவுடையப்பனின் சனிக்கிழமைகளை நினைத்தார். ஆறு வருடம். தம்முடைய பூ. பிறகு சர்க்கரைப் பொங்கலைப் பற்றிக் கேட்டார். தம் தட்டில் மட்டும் வெல்லம் ஏன் கூடுதல்?

“கடைசித் தட்டா உங்களுது? வெல்லம் அடியில இல்லா தங்கும்.” மாசானம் மூலையில் அடுக்கியிருந்த தட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். “உங்க தட்டு எது?”

அடியில் பிறை போலக் கீறல் போட்டது என்றார் மலைக்கொழுந்து.

மாசானம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“பிறைத் தட்டு நீங்களா? இப்ப வயிறு எப்படி இருக்கு?”

“என் வயிறா?”

“நீங்க வந்த புதுசுல அந்தத் தட்டு பாதிச் சோத்தோட திரும்பி வரும். மிளகாயெல்லாம் ஓரத்துல கெடக்கும். சரி, இவருக்குக் காரம் ஆகலன்னு, அன்னையிலருந்து உங்களுக்கு மட்டும் ஒரு சட்டியில மிளகாய் இல்லாம தனியாத் தாளிச்சு வைக்கேன். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வந்ததில்ல.”

அடுப்பின் ஓரத்தில் ஒரு சின்னச் சட்டி இருந்தது. மலைக்கொழுந்து அதைப் பார்த்தார்.

மடத்துச் சாப்பாட்டில் காரம் குறைவு என்றுதான் அவர் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். மற்றவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிடுவது பக்தியால் என்று ஒரு பாட்டில் எழுதியும் இருந்தார்.

அன்று சாயங்காலம் உலகம்மை மறுபடியும் படித்துறையில் இருந்தார். மலைக்கொழுந்து வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார். மஞ்சள் மூட்டை அவர் மடியில் இருந்தது. அதைத் தவிர அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

நடந்ததையெல்லாம் சொன்னார். உலகம்மைக்குச் சாமந்தி விஷயம் மட்டும் புதிது. அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“உங்களுக்கு அவரைத் தெரியுமா, அம்மை?”

“விடியற்காலையில் விறகு எடுத்துக் கொடுப்பேன்.”

“எங்களிடம் ஒரு நாளும் சொல்லவில்லையே.”

“நீங்கள் யாரும் கேட்கவில்லையே. ஆளுக்கொரு விதமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது.”

மலைக்கொழுந்து மூட்டையின் முடிச்சைத் தடவினார். “பத்தடி தூரத்தில், ஒரு சுவருக்கு அப்பால் இருந்தவரையே இப்படிப் பாடியிருக்கிறேன்.” அவர் குரல் இறங்கியது. “இறைவன் என் நூறு பாட்டையும் கேட்டிருப்பாரா, அம்மை?”

“நல்ல குரலாயிற்றே. கேட்டிருப்பார்.”

மாசானமும் அதையேதான் சொன்னார் என்பது மலைக்கொழுந்துக்கு ஞாபகம் வந்தது. மேற்கொண்டு கேட்க அவருக்குத் துணிவில்லை.

இருட்டத் தொடங்கியபோது இன்னொரு கேள்வி கேட்டார். “நீங்கள் இறைவனை அறிவீர்கள். எப்படி இருப்பார் என்று சொல்லுங்கள். வியாழனுக்குள் திருத்திவிடுகிறேன்.”

“நான் சொன்னால் நூற்றோராவது பாட்டு எழுதுவீர்கள்.”

“பிறகு நான் என்னதான் செய்வது?”

“நாளைக்குச் சமையற்கட்டில் என்ன வேலை?”

“பூசணிக்காய் நறுக்க ஆள் வேண்டும் என்றார்.”

“போய் நறுக்குங்கள்.”

செவ்வாய்க்கிழமை மலைக்கொழுந்து பூசணிக்காய் நறுக்கினார். நறுக்கும்போதே அவருக்குள் ஒரு புதுப் பாட்டு முளைத்தது. எளிமையே உருவானவரே, பசித்தவர் உண்டபின் புசிப்பவரே, தன்னலம் அறியாத தவமே என்று அது போயிற்று. வளையல் போட்ட தாயைவிட இந்தத் தவசி நன்றாக அமைந்துவிட்டார் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணில் ஈரம் கூட வந்தது.

அந்த நேரத்தில் மாசானம் ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, குழம்பின் மேலாக மிதந்த கத்தரிக்காயையெல்லாம் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

“பசியோட சமைச்சா கை நடுங்கும் அண்ணாச்சி. நீங்களும் போடுங்க.”

பாட்டு அங்கேயே நின்றுவிட்டது.

மத்தியானம் இரண்டு பேரும் தரையில் கோடு கிழித்து, புளியங்கொட்டையை வைத்து ஆடு புலி ஆட்டம் ஆடினார்கள். மலைக்கொழுந்து அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் ஓர் ஆடு ஒரு கட்டம் நகர்ந்திருந்தது. அவர் மாசானத்தைப் பார்த்தார். மாசானம் கூரையைப் பார்த்தார்.

தவசியும் போனார்.

புதன்கிழமை மலைக்கொழுந்துக்குப் பாட்டு ஒன்றும் வரவில்லை. வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. கீரை ஆய்ந்துகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மாசானம் திரும்பி வந்த தட்டுகளை உடனே கழுவுவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, எது மிச்சம் இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பார். கறிவேப்பிலையை வட்டமாக ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கும் தட்டைப் பார்த்துச் சிரிப்பார். அது ஆவுடையப்பனின் தட்டு. அதற்குச் சனிக்கிழமை ராத்திரி மட்டும் என்ன ஆகிறது, ஏன் வருவதே இல்லை என்று அவர் ஆறு வருடமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுக்கான சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம் சாப்பிடுவார். எப்போது வேண்டுமானாலும் அது வரலாம் அல்லவா?

மாசானத்தின் பெரிய நிழல் சுவரில் ஆடியது. கரண்டி கலீர் என்றது. மலைக்கொழுந்துக்கு அந்தச் சத்தம் முன்பைவிட இனிமையாக இருந்தது. ஏனென்று அவர் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை உச்சி வேளைக்கு வண்டி வந்துவிட்டது. மாட்டுக் கொம்பில் சலங்கை, வண்டியில் தோரணம். வைரவநாதரோடு நான்கு பேர் வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று உலகம்மை அவர்களைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். மடத்தார் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். உள்ளே தட்டுகள் போயின, வந்தன.

மலைக்கொழுந்து கடைசியில் நின்றார்.

அவர் பாடப்போகிறார் என்று தெரிந்ததும் வந்தவர்கள் தட்டில் கை வைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவருடைய குரலை நேரில் கேட்க அவர்கள் இரண்டு நாள் வண்டியில் வந்திருந்தார்கள்.

மலைக்கொழுந்து தட்டைத் தள்ளவில்லை. அன்னவாசலின் பக்கம் குனிந்து, பழைய மெட்டிலேயே பாடினார்.

“சாமந்திக்குத் தும்முகிறவரே,
பிறைத் தட்டுக்கு மிளகாய் தள்ளித் தாளிக்கிறவரே.”

அவ்வளவுதான் பாட்டு.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. யாரோ பாத்திரத்தை நகர்த்தினார்கள். புகைக்கு நடுவில், துளையின் அந்தப் பக்கத்தில், ஒரு கறுத்த முகம் குனிந்து எட்டிப் பார்த்தது. ஒரு காது மடல் கிழிந்திருந்தது.

“என்னையா அண்ணாச்சி கூப்பிட்டீங்க?”

“உங்களைத்தான்.”

ஆவுடையப்பன் கையிலிருந்த தட்டு நழுவி ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. மாசானத்தின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. ஓரத்தில் வட்டமாக அடுக்கியிருந்த கறிவேப்பிலை தரையில் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்து, “சனிக்கிழமை வந்துருங்க,” என்றார்.

ஆவுடையப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

கடற்கரை ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று ஒருவர் வைரவநாதரின் காதில் கேட்டார். வைரவநாதர் மரியாதை தெரிந்தவர். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, கை கழுவிவிட்டு மலைக்கொழுந்திடம் வந்தார். நாங்கள் அந்த நூறு பாட்டுகளுக்காக வந்தோம் என்றார்.

மலைக்கொழுந்து அறைக்குப் போய் மஞ்சள் மூட்டையை எடுத்து வந்தார். அதை வைரவநாதரிடம் கொடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மெட்டெல்லாம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஐயா. ஆனால் யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் உங்கள் ஊரையே பாட வைக்க மனம் வரவில்லை.”

“இறைவனைப் பற்றித்தானே?”

“அவரை நான் இன்னும் விசாரிக்கவில்லை.”

இதை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சொல்வதுபோலச் சொன்னார். உள்ளேயிருந்து மாசானம், கீரை வந்திருப்பதாகக் குரல் கொடுத்தார். மலைக்கொழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொழுவத்துப் பாதையில் நடந்தார்.

வைரவநாதர் அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோரணம் கட்டிய வண்டி வெறுமையாகத் திரும்ப வேண்டும். ஊருக்கு என்ன பதில் சொல்வது? உலகம்மையிடம் வந்து, கட்டிய மடம் காத்திருக்கும், எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை, அவரை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

உலகம்மை தம் தட்டை அன்னவாசல் வழியாக உள்ளே தள்ளினார்.

“இவர் பாடும்போது, பாடப்பட்டவர் திரும்பிப் பார்க்கட்டும். அன்றைக்கு ஆள் அனுப்புகிறேன்.”